இரண்டு பிரேம்

தொண்ணூற்றாறில் இரண்டு கிகாபைட் டிஸ்க் வாங்க
பிஸ்கட் பக்டரியில் ஒன்றரை மாதம் நின்றேன்.
அதற்குள் பதினொரு நிமிடக் கலியாணம் அடங்கும்.
மிச்சக் கலியாணம் வெளியே காத்திருக்கும்.
ஏற்று, வெட்டு, ஒட்டு,
கசற்றுக்கு இறக்கு, அழி,
பிறகு அடுத்த பதினொன்று.
பொன்னுருக்கலை அழித்தால்தான்
தாலிக்கு இடம் வரும்.

ஸ்காபரோவில், மார்க்கம் வீதியில், நிலக்கீழ் அறை.
உடுப்புக் காயவைக்கும் மெசினுக்கும் எனக்கும் ஒரே பியூஸ்.
மேல்வீட்டார் துவாய் போட்டால்
பாதி ரெண்டரிங்கில் திரை செத்துப்போகும்.
ஆகவே இரவு.
நாலு செக்கன் பூமாரிக்கு நாற்பது நிமிடம்
நீலக் கோடு ஊரும்.
சோறு வடித்துவிட்டு வந்தாலும்
அறுபத்திரண்டு வீதத்தில் நிற்கும்.

டிஸ்க் இடைக்கிடை
தன் காய்ச்சலைத் தானே தொட்டுப் பார்க்கும்.
அந்தக் கணம் ஒன்றும் எழுதாது.
செக்கனுக்கு முப்பது பிரேமில்
இரண்டோ மூன்றோ எங்கே விழுகின்றன என்று
கூட வந்த புத்தகத்தில் இல்லை.
பெப்ரவரியில் யன்னலைத் திறந்துவிட்டு
கோட்டும் தொப்பியுமாய் வெட்டினேன்.

எல்லோருக்கும் இதயம் வேண்டும்.
இதயத்துக்குள் பொம்பிளை, அது வெடித்து மாப்பிள்ளை,
பக்கம் புரண்டு பந்தி.
நேரே வெட்டினால்
"என்ன தங்கச்சி, ஒண்டும் செய்யேல்லையே?"

தவரூபன் கலியாணம் முடிந்து மூன்றாம் கிழமை வந்தார்.
சீட்டுக் காசில் அண்ணனோடு முறிவு.
"அவனை எடுத்துவிடுங்கோ."

தகப்பன் இல்லாத மேடையில்
தகப்பன் இடத்தில் நின்றவர் ஞானரூபன்.
அவர் இல்லாத காட்சி
சமையல் கிடாரம் மட்டும்தான்.
எடுக்க ஏலாது, மூடலாம், என்றேன்.
"மூடுங்கோ."

ஒரு தாமரை வரைந்தேன்.
முகம் போகும் இடமெல்லாம்
பிரேம் பிரேமாய் அதைத் தள்ளிக்கொண்டு போனேன், ஆறு இரவு.
அவர் குனிந்தால் தாமரை குனியும்.
தாலி ஏறும்போது அவர் கண் துடைத்தார்.
பூவுக்குள் ஒரு சால்வை நுனி
போய் வந்தது.
நூற்றியெண்பது டொலர். எண்ணி வைத்தார்.
அழித்தேன். அந்த இடத்தில்
யாரோ ஒரு பிள்ளையின் சாமத்தியவீடு ஏறியது.

நாலு வருடம் கழித்து
பனிச் சப்பாத்தை வாசலில் தட்டிக்கொண்டு நின்றார்.
கையில் அதே கசற்.
"அந்தப் பூவை எடுத்துவிட ஏலுமோ?"
அண்ணன் எங்கே என்று நான் கேட்கவில்லை.
ஒரிஜினல் கசற்றின் மேல்
உலகக் கிண்ணம் பதிந்திருந்தாராம், அரையிறுதி.
என் டிஸ்கில் அதற்குப் பிறகு
இருநூறு குடும்பம் ஏறி இறங்கிவிட்டது.
பூவுக்குக் கீழே ஒன்றுமில்லை அண்ணை, என்றேன்.
இருந்ததுக்குப் பதிலாய்ப் பூதான்.

போட்டுத்தான் பார்த்தோம்.
ஆசீர்வாதம். ஆட்கள் வந்து வந்து போகிறார்கள்.
எந்த விடியப்புறமோ நித்திரைத் தூக்கத்தில்
பூவை இரண்டு பிரேம் பிந்தி வைத்திருக்கிறேன்.
கண் இமைத்தால் தெரியாது.
அவர் இமைக்கவில்லை.

பின்னுக்கு உருட்டி நிறுத்தினேன்.
கை நிறைய அறுகரிசி,
வாய் பாதி திறந்து, முழு அண்ணன்,
நடுங்கிக்கொண்டு, தோளுக்குக் குறுக்கே
ஒரு வெள்ளைக் கோட்டுடன்.
"என்ன சொல்லுறார்?"
இரண்டு பிரேமில் ஓர் எழுத்துக்கூட வராது.
வந்தாலும், அந்த இடம் முழுக்க
நான் நாதஸ்வரம் போட்டிருந்தேன்.

ஐந்து நிமிடத்துக்கு மேல்
டெக் படத்தைப் பிடித்து வைக்காது. நாடா தேயும்.
தானாகக் கையை விட்டது.
தாமரை வந்தது.

"இன்னொருக்கா," என்றார்.